பாஸ்போர்ட்டு இருக்கு, பாஷை இல்லையே!
பிரான்சுக்குப் படிக்கப் போகும் காரைக்கால் பிள்ளைகள் படும் பாடு

காரைக்காலில் ஒரு பையன் பிளஸ்-டூ பாஸ் செய்துவிட்டால் அக்கம்பக்கத்தில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "எத்தனை மார்க்கு?" இன்னொன்று, "பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இருக்கா?"

இரண்டாவது கேள்விக்கு "இருக்கு" என்று பதில் வந்துவிட்டால், முதல் கேள்வியை அப்புறம் யாரும் நினைப்பதில்லை! "பின்னே என்ன கவலை? பிளேன் ஏறவேண்டியதுதானே!" என்று சொல்லிவிட்டு, மீன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

பையனும் ஏறுகிறான். இறங்கின பிறகு என்ன ஆகிறது? அதைத்தான் யாரும் பேசுவதில்லை. அவனும் சொல்வதில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை வாங்கினார்கள். இடையிலே இங்கிலீஷ்காரன் சில தடவை பிடித்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான். 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுவதுமாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதி. அன்றிலிருந்து ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். "பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். பட்டாளத்தில் சேர்ந்து அப்போது வெளிநாட்டில் இருந்த சொல்தாக்கள் பலர் பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தார்கள்.

தாத்தா அன்றைக்குப் போட்ட ஒரு கையெழுத்து! அதனால் இன்றைக்குப் பேரன் கையில் கருஞ்சிவப்புப் பாஸ்போர்ட்டு. அடுத்த வீட்டுத் தாத்தா கையெழுத்துப் போடவில்லை. அந்த வீட்டுப் பேரனுக்கு நீலப் பாஸ்போர்ட்டு. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிரிக்கெட் மட்டை. ஆனால் ஏர்போர்ட்டில் வேறு வேறு வரிசை.

இரண்டு பையன்கள், ஒரே விமானம்

ஒரு பேச்சுக்கு, இந்த இரண்டு பையன்களும் ஒரே விமானத்தில் படிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கஷ்டம் அதிகம்?

"நீலப் பாஸ்போர்ட்டுக்குத்தான்!" என்பீர்கள். பணத்தைப் பொறுத்தவரை அது சரி. 2019-ல் பிரெஞ்சு அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு வருடம் 2,770 யூரோ கட்ட வேண்டும் என்றது. பிரெஞ்சுக்காரப் பையனுக்கு அந்த வருடம் கட்டணம் 170 யூரோதான்! (பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டாருக்கும் சலுகை கொடுத்து பழைய கட்டணத்தையே வாங்கின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நீலப் பாஸ்போர்ட்டுக்காரனுக்கு விசா வேண்டும். பாங்கியில் பணம் காட்ட வேண்டும். வருடத்துக்கு 964 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. சிவப்புப் பாஸ்போர்ட்டுக்காரனுக்கு இந்தத் தலைவலி ஒன்றும் கிடையாது.

ஆனால் வகுப்பறைக்குள் காலை வைத்த பிறகு கணக்கு மாறுகிறது.

நீலப் பாஸ்போர்ட்டுப் பையன் பிரெஞ்சில் படிக்கப் போவதாக இருந்தால், ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே பிரெஞ்சுப் பரீட்சை எழுதி, நேர்முகத்தில் உட்கார்ந்து, தட்டுத் தடுமாறியாவது தேறியிருக்கிறான். அங்கே அவன் "வெளிநாட்டு மாணவன்". அவனுக்கென்று ஒரு வரவேற்பு மேஜை உண்டு. அவன் உளறினால், "பாவம், புதிது" என்று பொறுத்துக்கொள்வார்கள்.

சிவப்புப் பாஸ்போர்ட்டுப் பையனை வாசலில் யாரும் சோதிப்பதில்லை. அவன் நேரே உள்ளே போய்விடலாம். அங்குதான் வந்தது வினை! அவன் படித்தது காரைக்காலில், இங்கிலீஷ் மீடியத்தில். வீட்டில் தாத்தாவோடு பிரெஞ்சும் போய்விட்டது. அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு "மெர்சி"யும், ஊரில் புழங்குகிற "கொம்யூன்" என்ற வார்த்தையும்தான். பல்கலைக்கழகமோ பி-2 என்கிற தகுதி கேட்கிறது. அதாவது, பேராசிரியர் கடகடவென்று இரண்டு மணி நேரம் பேசினால் குறிப்பெடுக்கிற அளவுக்கு மொழி வேண்டும்.

ஆபீசில் போய் நிற்கிறான். அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள். பிரெஞ்சுக்காரன்! வாயைத் திறக்கிறான். பிரெஞ்சு வரவில்லை! பார்க்கிறவர் புருவம் மேலே போகிறது. வெளிநாட்டானுக்குக் கிடைக்கிற இரக்கம் இவனுக்குக் கிடையாது. உள்ளூரானுக்கு இருக்கிற நாக்கும் கிடையாது. முதல் வருடம் மொழி வகுப்பு. சாயங்காலம் ஓட்டல் சமையற்கட்டு. இரண்டாவது வருடம் சமையற்கட்டு மட்டும் மிஞ்சிவிடுகிறது. இப்படிப் படிப்பு நழுவிப் போன பிள்ளைகள் உண்டு. ஊரில் அவர்களைப் பற்றிக் கேட்டால், "பிரான்சுல செட்டில் ஆயிட்டான்" என்பார்கள்.

முதலில் வணக்கம் சொல்லு!

மொழி என்றால் இலக்கணம் மட்டுமா? நம் ஊரில் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, நாகூர் போவுமா?" என்று கேட்டால் கண்டக்டர், "ஏறு ஏறு" என்பார். முடிந்தது வேலை.

பாரீசில் டிக்கெட் கவுண்டருக்குப் போய் நேரே, "இந்த ரயில் போகுமா?" என்று கேட்டால், கவுண்டர் அம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போன்ஜூர்!" என்பார். நம் பையன் பூரித்துப் போவான். எவ்வளவு மரியாதை என்று! ஐயா, அது வணக்கம் அல்ல. "முதலில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு வா" என்கிற கண்டிப்பு!

கடைக்குள் நுழைந்தால் போன்ஜூர். டாக்டர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் போன்ஜூர். சொல்லாதவன் முரடன். நம் ஊர் மளிகைக் கடையில் போய், "வணக்கம் ஐயா" என்று ஆரம்பித்து நூறு கிராம் கடுகு கேட்டுப் பாருங்கள். "ஓட்டுக் கேக்க வந்துட்டாருப்பா" என்று சிரிப்பார்கள்!

ஒரு விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு லாபம். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே "யூ". பிரெஞ்சில் அப்படி இல்லை. நண்பனுக்கு "த்யூ", பெரியவருக்கும் புதியவருக்கும் "வூ". நமக்கு நீ, நீங்கள் என்று இருக்கிற மாதிரியே! இதை அமெரிக்கப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க நாளாகும். நம் பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும்.

நஷ்டம் வேறு இடத்தில். அங்கே யாரையும் அண்ணே, அக்கா, மாமா, பெரியம்மா என்று கூப்பிட முடியாது. எல்லோரும் "முசியே", இல்லையென்றால் "மதாம்". உறவு வைத்துக் கூப்பிட்டே பழகிய வாய்க்கு ஊரே காலியாகிவிட்ட மாதிரி இருக்கும். பஸ்ஸில் ஒரு கிழவி பக்கத்தில் உட்கார்ந்தால், "எந்த ஊர் தம்பி?" என்று கேட்க மாட்டாள். கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. நமக்கோ கேட்காவிட்டால்தான் கோபம்.

அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களே!

பெயரில் வேறு ஒரு வேடிக்கை. பிரான்சில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று இருந்தாக வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். ஆகவே அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. பையன் குமார், அப்பா கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் வகுப்பில், "முசியே கோவிந்தசாமி, வீட்டுப் பாடம் எங்கே?" என்கிறார். அப்பா பெயரைச் சொல்லி அதட்டுகிறாரே என்று பையனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பாங்கியிலிருந்து வருகிற கடிதத்திலும், மின்சார பில்லிலும் அப்பாதான்!

பழைய பிரெஞ்சுக் குடும்பங்களில் இன்னொரு விதம். 1881-ல் ஒரு சட்டம் வந்தது. தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றது. அப்படி மாறியவர்கள் பிரெஞ்சு மாதிரிக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் நின்றவர் பாண்டிச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் காலில் பூட்சு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். "இந்தியன் பூட்சு போட்டு உள்ளே வரக்கூடாது" என்றார்கள். விட்டாரா மனிதர்? பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார்! பிறகு "லா போர்த்" என்று பெயரும் வைத்துக்கொண்டார். லா போர்த் என்றால் பிரெஞ்சில் கதவு.

கதவு திறந்தது. ஆனால் அந்தப் பரம்பரைப் பெயர்களோடு இன்று பாரீசில் இறங்குகிற பிள்ளையைப் பார்த்து, "நீ எந்தத் தீவு? ரீயூனியனா, குவாதலூப்பா?" என்று கேட்கிறார்கள். முகம் தமிழ் முகம், பெயர் பிரெஞ்சுப் பெயர் என்றால் அவர்களுக்குத் தீவுகள்தான் ஞாபகம் வருகின்றன. அதுவும் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. 1850-களிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்குக் கப்பல் ஏறிய தமிழர்களில் காரைக்கால் துறையிலிருந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இப்போது படிக்கப் போகும் பையனுக்கு அங்கே வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற தீவுக்காரப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா திருநள்ளாற்றுப் பக்கத்து ஆளாகக்கூட இருக்கலாம்! ஆனால் இருவரும் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

பதினொரு மார்க்கா? ஐயோ!

வீட்டில் பூகம்பம் கிளப்புவது மார்க்குதான். இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கின பிள்ளை, முதல் பரீட்சையில் 9 வாங்குகிறது. அப்பா, "ஒம்பதா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் ஐயா! அங்கே மொத்தமே 20 மார்க்குதான். 10 வாங்கினால் பாஸ். 12 வாங்கினால் "பரவாயில்லை, நன்று" என்று சான்றிதழிலேயே போடுவார்கள். 14 என்றால் நன்று. 16-க்கு மேல் போனால் மிக நன்று. இருபதுக்கு இருபது என்பது கலெக்டர் வீட்டுக் கல்யாணம் மாதிரி, எப்போதாவது ஒன்று! 13 வாங்கின பிரெஞ்சுப் பையன் மத்தியானம் நண்பர்களோடு கொண்டாடுகிறான். 13 வாங்கின காரைக்கால் பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான்.

மனப்பாடம் அங்கே செல்லாது. கேள்வித்தாளில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கும்; நாலு மணி நேரம் எழுத வேண்டும். பேராசிரியர் சொன்னதையே திருப்பி எழுதினால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் தருவார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்பார். நம் பிள்ளைகளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் நினைத்தால் அடி விழும்!

இதில் நம் பிள்ளை மட்டும் தனியாகத் தவிக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு சேர்கிற மாணவர்களில் சுமார் பாதிப் பேர் மறு ஆண்டே இரண்டாம் ஆண்டுக்குப் போவதில்லை. பல வருடங்களாக இதே கதைதான். அதில் பெரும்பாலானவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஒரு வருடம் போனால் வேறு படிப்புக்கு மாறிக்கொள்கிறார்கள். அதை யாரும் மானக்கேடாக நினைப்பதில்லை. காரைக்காலில் நினைக்கிறார்கள். அதனால்தான் பையன் மறைக்கிறான்.

ஐந்து மணிக்கு முன்பே இருட்டு

நம் ஊரில் சூரியன் கண்டிப்பான கவர்மெண்டு ஊழியர். வருடம் பூராவும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் அஸ்தமித்துவிடுவார். பாரீசில் ஜூன் மாதம் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். காலை எட்டரைக்கும் விடியாது. இருட்டில் வகுப்புக்குப் போய், இருட்டில் திரும்புவது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடல். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. குளிரைக் கோட்டு தாங்கும். சத்தம் இல்லாததை எது தாங்கும்? தேர், கந்தூரி, மாங்கனித் திருவிழா என்று ஒலிபெருக்கியிலேயே வளர்ந்த காது அது!

இந்தத் திகைப்புக்குப் படித்தவர்கள் "கலாசார அதிர்ச்சி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவில் பிறந்த மானிட இயல் அறிஞர் கலெர்வோ ஓபெர்க் என்பவர், பிரேசில் நாட்டு ரியோ டி ஜனீரோவில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் பரவியது. எந்த வருடம் தெரியுமா? 1954 ஆகஸ்டு! காரைக்கால் கை மாறுவதற்கு மூன்று மாதம் முன்பு. எப்போது கை கொடுப்பது, எப்போது சிரிப்பது, யார் சொல்வதை நம்புவது என்று நமக்குத் தெரியாமலே நாம் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன அடையாளங்கள் ஒரே நாளில் காணாமல் போவதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்பது அவர் கட்சி.

மறு வருடம், 1955-ல், நார்வே நாட்டு லிஸ்கார்டு என்பவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய 200 நார்வேக்காரர்களை விசாரித்தார். போய் ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் சந்தோஷமாக இருந்தார்களாம். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் அதிகமாக வாடியவர்கள். ஒன்றரை வருடம் தாண்டியவர்கள் மறுபடி நிமிர்ந்துவிட்டார்கள். தோணி மாதிரி: இரண்டு முனையும் மேலே, நடு கீழே. எல்லோருக்கும் இப்படி இல்லை, பலருக்கு இறங்கின முதல் வாரமே படுமோசம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனாலும் செப்டம்பரில் போகிற நம் பிள்ளைக்கு முதல் குளிரும், முதல் இருட்டும், முதல் பரீட்சையும் சேர்ந்தாற்போல் டிசம்பர், ஜனவரியில் வந்து விழுகின்றன. அதே சமயத்தில் இங்கே பொங்கல்! போனில் கரும்பையும் பானையையும் காட்டுகிறார்கள். காட்டாமலும் இருக்க முடியாது.

"நீங்கள் எவடம்?"

வாடிப் போன பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி லாச்சப்பலுக்குப் போகிறது. பாரீஸ் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்கள். தமிழில் போர்டு! தோசை, வடை, மல்லிகைப்பூ, தங்க நகை, சினிமாப் போஸ்டர். மாணிக்க விநாயகர் ஆலயத்தில் மணி அடிக்கிறது. வருடா வருடம் ஆகஸ்டு கடைசி வாக்கில் பிள்ளையார் தேரில் அந்தத் தெருக்களைச் சுற்றி வருகிறார். பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நிற்க, நடுரோட்டில் சிதறு தேங்காய்!

பையனுக்கு உயிர் வந்துவிடுகிறது. ஒரு கடையில் நுழைந்து தமிழில் பேசுகிறான். கடைக்காரர், "நீங்கள் எவடம்?" என்கிறார். பையன் முழிக்கிறான். தமிழ்தான், ஆனால் புரியவில்லை! 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் உண்டாக்கிய கடைத்தெரு அது. எவடம் என்றால் எந்த இடம். பேசுவது "கதைக்கிறது". ரொட்டி "பாண்". பிரெஞ்சு அதிர்ச்சி போதாதென்று, தமிழிலும் ஓர் அதிர்ச்சி! ஆனால் இந்த அதிர்ச்சி இனிக்கும். இரண்டு வாரத்தில் நம் பையனும், "ஓம் அண்ணை" என்று கதைக்க ஆரம்பித்துவிடுவான்.

அதில்தான் ஒரு வழுக்கல். லாச்சப்பலில் வேலை கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும், சினிமா கிடைக்கும். பிரெஞ்சு கிடைக்காது. வாரம் ஒரு நாள் போனால் மருந்து. ஏழு நாளும் போனால் படிப்பு போச்சு. புறநகரில் சித்தப்பா வீட்டில் தங்குகிற பிள்ளைகளுக்கும் இதே கதிதான். சின்ன வீடு, கூடத்தில் படுக்கை, ராத்திரி சீரியல். சித்தப்பா நல்லவர், ஆனாலும் விருந்து எத்தனை நாளைக்கு? இதை ஊருக்குச் சொன்னால் உறவு முறியும். சொல்லாவிட்டால் படிப்பு முறியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. எதிர்த் திசையில் போனவர் ஒருவர் இருக்கிறார். ஜூலியன் வென்சோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1843-ல் பிறந்தவர். சிறு வயதில் காரைக்காலில் வளர்ந்து, இங்கேயே தமிழ் பிடித்துக்கொண்டவர். பிறகு பிரான்சில் நான்சி நகரத்துக்கு வனத்துறைப் படிப்புக்குப் போனார். காட்டு அதிகாரியாக வேலை பார்த்தார். ஆனால் காரைக்காலில் கேட்ட பாஷை அவரை விடவில்லை. கடைசியில் பாரீஸ் கீழ்த்திசை மொழிகள் பள்ளியில் தமிழ்ப் பேராசிரியராகி, 1903-ல் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தமிழ் இலக்கணப் புத்தகமும் எழுதினார். அரசலாற்றங்கரையில் காதில் விழுந்த பேச்சு அவருக்குச் சோறு போட்டது! அந்தப் பள்ளியில் இன்றைக்கும் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

காகிதம், காகிதம், காகிதம்

பிரான்சில் காகிதம்தான் ராஜா. வீடு எடுக்க பாங்கிக் கணக்கு கேட்பான். பாங்கியில் கணக்கு துவக்க வீட்டு விலாசம் கேட்பான். நடுவில் நம் பிள்ளை பந்தாகப் பறக்கும். வாடகைக்கு ஜாமீன் கேட்பார்கள். பிரான்சில் சம்பளம் வாங்குகிற ஆள் ஜாமீன் போட வேண்டும். காரைக்கால் அப்பா எங்கே போவார்? "விசால்" என்ற ஏற்பாட்டில் மாணவர்களுக்குக் காசில்லாமலே ஜாமீன் கிடைக்கிறது. விசாவில் போகிறவர்கள் இறங்கின மூன்று மாதத்துக்குள் அந்த விசாவைக் கம்ப்யூட்டர் மூலம் பதிவு செய்துவிட வேண்டும். மறந்தால் வம்பு. உதவித்தொகை வாங்குகிற மாணவருக்குப் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் 2020 முதல் ஒரு சாப்பாடு 1 யூரோதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் பிள்ளைகள் அந்த உதவித்தொகைக்கு மனுப் போடலாம். போடாமலே ஓட்டல் வேலைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முஸ்லிம் வீட்டுப் பெண்களைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 2004-ல் வந்த சட்டம் அரசுப் பள்ளிக்கூடங்களில்தான் தலைத்துணியைத் தடுக்கிறது. பல்கலைக்கழக மாணவிகளுக்கு அந்தத் தடை கிடையாது.

2024 ஜனவரியில் டெல்லி குடியரசு தின விழாவுக்கு வந்த பிரெஞ்சு ஜனாதிபதி மாக்ரோன், 2030-க்குள் வருடம் 30,000 இந்திய மாணவர்களை வரவழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே நீலப் பாஸ்போர்ட்டுக் கூட்டம் இனிமேல் பெருகத்தான் செய்யும். சிவப்போ நீலமோ, காரைக்காலிலிருந்து கிளம்புகிற பிள்ளை கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே பிரெஞ்சு வகுப்பில் உட்காரட்டும். "அங்க போயி கத்துக்குவான்" என்கிற பேச்சு வேண்டாம். பெட்டி வாங்குகிற செலவைவிட அது ஒன்றும் பெரிய செலவு இல்லை.

"நல்லா இருக்கேம்மா!"

தாத்தா காலத்தில் பிரான்சிலிருந்து கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் வந்தது. இப்போது தினம் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், கோடையில் மூன்றரை. அம்மா ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிடுகிற நேரத்தில் பையன் வகுப்பு முடிந்து பஸ்ஸில் நிற்கிறான்.

"சாப்டியாப்பா?"

"சாப்டேம்மா."

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேம்மா."

அவ்வளவுதான்! தினம் பேசியும் ஒன்றும் தெரிவதில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் நடுவே, உரக்கப் பேசவே கூசுகிற ஊரில், பிள்ளை வேறு என்ன சொல்லும்? அடுத்த கேள்வி இன்னும் மோசம். "பக்கத்து வீட்டுப் பையன் ஆயிரம் யூரோ அனுப்பியிருக்கானாம்!"

மனசு உடைந்த மாணவருக்கு அங்கே வழி இருக்கிறது என்பதாவது இங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். 2021 முதல் அரசுத் திட்டம் ஒன்று நடக்கிறது. பிரெஞ்சுக்காரரோ வெளிநாட்டாரோ, பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்த மாணவர் மனநல நிபுணரிடம் கைக்காசு கொடுக்காமல் போய்ப் பேசிவிட்டு வரலாம். முன்பு வருடத்துக்கு 8 தடவை என்று இருந்தது. 2024-ல் 12 ஆக்கினார்கள். "பைத்தியத்துக்கா வைத்தியம்?" என்று இங்கிருந்து கேட்காமல் இருந்தால் போதும், பிள்ளை போய்விடும்.

அப்படியே இரண்டு வருடம் தாண்டிய பிள்ளை லீவுக்கு ஊர் வருகிறது. இப்போது அதிர்ச்சி ஊருக்கு! கடைக்குள் நுழைந்ததும், "வணக்கம்" என்கிறான். ரோட்டைக் கடக்க நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். ஒரு வண்டியும் நிற்கவில்லை. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர், "சம்பளம் எவ்ளோ?" என்று கேட்கிறார். பையன் முகம் சுருங்குகிறது. "பெரிய மனுசனாயிட்டான்" என்கிறார்கள். பத்து நாளில் எல்லாம் சரியாகிவிடும். திரும்புகிற நாளில் மறுபடி பெட்டி.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் தாய்மார்கள் கஷ்டப்பட்டுக் காய்ச்சி, டப்பாவில் அடைத்துக் கொடுக்கிற நெய் ஐரோப்பிய ஏர்போர்ட்டில் குப்பைத் தொட்டிக்குப் போகலாம். பால் பண்டமும் இறைச்சிப் பண்டமும் வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் 2019 டிசம்பர் முதல் அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் அனுமதி கிடையாது. கவலை வேண்டாம், லாச்சப்பலில் கறிவேப்பிலை விற்கிறார்கள். மிளகாய்ப் பொடி, புளி தாராளமாகப் போகும். கருவாடு? அட, அதற்குத் தடையில்லை! குடல் எடுத்துச் சுத்தம் செய்த மீன் 20 கிலோ வரை கொண்டுபோகலாம் என்று சட்டமே இருக்கிறது. வாசனை வெளியே வராமல் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். பக்கத்து அறைக்காரன் பிரெஞ்சுக்காரன்.